கர்னலுக்கு முன்னே ஓர் எஸ்எஸ்டி

யு-பூட் என்ற பூட்லோடரின் கட்டளை வரியில் ஓர் என்விஎம்இ டிரைவின் விவரத்தைக் கேட்டால், பதிலில் ஒரு வேடிக்கை வரும். மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, வகை என்ற இடத்தில் 'ஹார்ட் டிஸ்க்' என்று அச்சிடும். பெட்டியில் 500 ஜிபி என்று போட்டிருக்கும் டிரைவுக்கு 465.7 ஜிபி என்றும், அருகிலேயே 976773168 பிளாக்குகள், ஒவ்வொன்றும் 512 பைட் என்றும் காட்டும். கணக்கு சரிதான். 1024-ஆல் வகுத்துக்கொண்டே போனால் அந்த எண்தான் வரும். வகைதான் பொருந்தவில்லை. சுழலும் தட்டோ நகரும் தலையோ இல்லாத ஒரு பொருளைப் பூட்லோடர் ஹார்ட் டிஸ்காகவே நடத்துகிறது. இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் உறுதியான கருத்து ஒன்றுதான், அது இந்த ஒரு வரியிலிருந்தே பிறக்கிறது. பூட்லோடர் ப்ராம்ப்ட், எஸ்எஸ்டியிலிருந்து படிக்கவும் அதைப் பரிசோதிக்கவும் மிக நல்ல இடம். அதில் எழுதுவதற்கு மோசமான இடம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அங்கே இருக்கும் நிரலுக்கு டிரைவைப் பற்றி மிகக் குறைவாகத்தான் தெரியும்.

அந்த அறியாமைக்கு ஒரு வரலாறு உண்டு. மாக்னஸ் டாம் பவர்பிசி சில்லுகளுக்காக எழுதிய ஒரு சிறு நிரலை 1999-இல் வுல்ஃப்காங் டெங்க் எடுத்து வளர்த்தார். அது பிபிசிபூட் ஆகி, 2002 நவம்பரில் யு-பூட் ஆனது. அன்று டிஸ்க் என்றால் ஐடிஇ. 'ஐடிஇ ரீட்' என்று தட்டி, நினைவக முகவரி, தொடக்கப் பிளாக், பிளாக்குகளின் எண்ணிக்கை என்று மூன்று எண்களைக் கொடுத்தால் போதும். பிறகு யுஎஸ்பி, எம்எம்சி, சாட்டா என்று எது வந்தாலும் கட்டளையின் முதல் சொல் மாறியதே தவிர மற்ற மூன்றும் மாறவில்லை. என்விஎம்இ விதித்தொகுப்பின் 1.0 பதிப்பு 2011 மார்ச்சில் வெளிவந்தது. யு-பூட்டுக்குள் அதற்கான டிரைவர் நுழைந்தது 2017-இல். விதித்தொகுப்பு 65535 வேலை வரிசைகள் வரை அனுமதிக்கிறது, ஒவ்வொன்றிலும் 65536 கட்டளைகள் வரை நிற்கலாம். யு-பூட் டிரைவர் அமைப்பது இரண்டே வரிசைகள்: நிர்வாகத்துக்கு ஒன்று, படிக்க எழுத ஒன்று. இன்டரப்ட் கிடையாது. ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டு, முடிந்ததா முடிந்ததா என்று பார்த்துக்கொண்டே நிற்கும். பெரிய இயந்திரத்தை இப்படிச் சிறிய கயிற்றில் கட்டியிருப்பதைக் குறை என்று பலர் சொல்வார்கள். பரிசோதிப்பவருக்கு அதுதான் வசதி.

அந்த வசதிக்கு வருவதற்கு முன், இந்த ப்ராம்ப்டில் மனிதர் உட்கார வேண்டிய அவசியம் ஏன் வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ராக்சிப்பின் ஆர்கே3399, ஆர்கே3588 போன்ற சில்லுகளுக்குள் பொறிக்கப்பட்டிருக்கும் பூட் ரோமுக்கு என்விஎம்இ தெரியாது. எஸ்பிஐ ஃப்ளாஷ், இஎம்எம்சி, எஸ்டி கார்டு போன்றவற்றைத்தான் அது தேடும். ஆகவே யு-பூட்டை எஸ்பிஐ ஃப்ளாஷில் வைத்து, அது எழுந்து பிசிஐ எக்ஸ்பிரஸைத் தட்டி எழுப்பி, அதன் பிறகே எஸ்எஸ்டியில் இருக்கும் கர்னலை எடுக்க முடியும். விஷன்ஃபைவ் 2 போர்டிலும் இதே ஏற்பாடுதான். சைஃபைவின் ஹைஃபைவ் அன்மேட்ச்டில் வழக்கமாக எஸ்டி கார்டு முதலில் எழுந்து, இயங்குதளம் எம்.2 டிரைவில் இருக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் திரை கறுப்பாகவே நிற்கும். அப்போது பேசும் வாய் சீரியல் கேபிள் ஒன்றுதான். பெரும்பாலான போர்டுகள் 115200 வேகத்தில் பேசும். ராக்சிப் போர்டுகள் பலவும் 15 லட்சத்தில் பேசும். விலை குறைந்த கேபிள்கள் சில அந்த வேகத்தில் குப்பை எழுத்துகளைத்தான் காட்டும் என்பதால், டிரைவைச் சந்தேகிக்கும் முன் கேபிளைச் சந்தேகிப்பது நல்லது.

ப்ராம்ப்ட் வந்துவிட்டது என்று கொள்வோம். டிரைவ் தெரியவில்லை. லினக்ஸுக்குள் இருந்தால் கர்னல் ஒரே மூச்சில் ஐந்தாறு வேலைகளைச் செய்துவிட்டு, கடைசியில் சாதனக் கோப்பு இருக்கிறது அல்லது இல்லை என்று மட்டும் தெரியவரும். நடுவில் நடந்ததை அறிய லாகைத் துருவ வேண்டும். பூட்லோடரில் அந்த வேலைகள் தனித்தனிக் கட்டளைகள். 'பிசிஐ எனும்' பஸ்ஸை எண்ணிப் பார்க்கும். 'பிசிஐ 1' என்று தட்டினால் இரண்டாவது பஸ்ஸில் இருப்பவற்றைக் காட்டும், எஸ்எஸ்டி வழக்கமாக அங்கேதான் சேமிப்புக் கன்ட்ரோலர் என்ற வகுப்பில் நிற்கும். 'என்விஎம்இ ஸ்கேன்' கன்ட்ரோலரை இயக்கி அதனுள் இருக்கும் நேம்ஸ்பேஸ்களைப் பிளாக் சாதனங்களாகப் பதிவுசெய்யும். 'என்விஎம்இ பார்ட்' பார்ட்டிஷன் அட்டவணையைப் படிக்கும். 'எல்எஸ் என்விஎம்இ 0:1' கோப்புகளைப் பட்டியலிடும். எந்தப் படியில் கால் இடறுகிறது என்பதே நோய்க்குறி. பஸ்ஸில் ஆளே இல்லை என்றால் பார்ட்டிஷனைப் பற்றிக் கவலைப்படுவது வீண். எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, 3.3 வோல்ட் வருகிறதா, சாட்டா வகை எம்.2 டிரைவைத் தவறுதலாகச் செருகியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். கடைசியில் சொன்னது மிகச் சாதாரணமாக நடப்பது. வடிவம் ஒன்றுபோலவே இருக்கும், பேசும் மொழி வேறு.

பஸ்ஸில் சில சமயம் தெரிந்து, சில சமயம் தெரியாமல் போவது இன்னொரு ரகம். ரீசெட்டை விட்ட பிறகு குறைந்தது 100 மில்லி நொடி பொறுத்துத்தான் டிரைவிடம் முதல் கேள்வி கேட்க வேண்டும் என்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் விதி. போர்டின் மின்வழங்கி தாமதமாக எழுந்தால் அந்த அவகாசம் டிரைவுக்குக் கிடைக்காது. குளிர்ந்த நிலையில் முதல் முறை தோற்று, மின்சாரத்தை அணைக்காமல் 'ரீசெட்' கொடுத்தால் உடனே தெரியும் டிரைவ்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கதைதான். பஸ்ஸில் தெரிந்தும் ஸ்கேனில் வராவிட்டால் கன்ட்ரோலர் தயாராகவில்லை என்று பொருள். தான் தயாராக அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஒவ்வொரு கன்ட்ரோலரும் தன் பதிவேட்டில் அரை நொடிக் கணக்கில் அறிவிக்கிறது. எட்டு பிட் இடம் என்பதால் 127.5 நொடி வரை அது கேட்கலாம். முந்தைய முறை மின்சாரம் திடீரென்று போயிருந்தால் டிரைவ் தன் உள் அட்டவணைகளைச் சீர்செய்துகொள்ள நேரம் எடுக்கும். ஸ்கேன் வெற்றி பெற்றால் திரையில் எதுவும் வராது என்பதையும் சொல்ல வேண்டும். மௌனத்தைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு ரீசெட்டை அழுத்துபவர்கள் உண்டு.

பிசியில் இந்தப் படிகள் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதில்லை. அங்கே பூட்லோடரான கிரப் தன் ப்ராம்ப்டில் டிரைவை எச்டி0 என்றே காட்டும். எஸ்எஸ்டியிடம் பேசுவது அதற்குக் கீழே இருக்கும் ஃபர்ம்வேர், கிரப் அது தரும் பிளாக்குகளை வாங்கிக்கொள்கிறது. யுஇஎஃப்ஐ ஷெல்லில் 'மேப்' என்று தட்டினால் நிலைமை மேல். ஒவ்வொரு சாதனத்துக்கும் பிசிஐ வேர், பாலம், என்விஎம்இ நேம்ஸ்பேஸ், பார்ட்டிஷன் என்று முழு வழித்தடமும் வரும். படியேறிப் பார்ப்பது என்ற முறை அங்கும் செல்லும், ஒவ்வொரு படியையும் நாமே தள்ளிப் பார்க்கும் உரிமைதான் இல்லை.

படிப்பதற்கு வருவோம். நினைவகத்துக்குக் கர்னலை 'லோட்' கொண்டு ஏற்றி, அதே முகவரியில் 'சிஆர்சி32' ஓட்டி, வேறு கணினியில் அதே கோப்புக்குக் கணக்கிட்ட எண்ணோடு ஒப்பிட்டால், டிரைவிலிருந்து நினைவகம் வரையிலான பாதை முழுவதும் ஒரே அடியில் சோதனைக்கு உள்ளாகிறது. ஒவ்வொரு முறையும் எண் மாறினால் ஃப்ளாஷைக் குறை சொல்ல அவசரப்படக் கூடாது. ஃப்ளாஷ் கெட்டிருந்தால் டிரைவின் பிழைதிருத்தம் படிக்க மறுத்துப் பிழை அறிவிக்கும், மௌனமாக மாறும் எண்ணைத் தருவது அபூர்வம். மாறும் எண்ணுக்குப் பொதுவான காரணம், பிசிஐ வழியாக டிஎம்ஏ எழுதிய நினைவகத்தை ப்ராசசரின் கேஷ் பார்க்காமல் பழைய மதிப்பையே தருவது. புதிய போர்டுக்கு யு-பூட்டைக் கொண்டுவருபவர்கள் 'டிகேஷ் ஆஃப்' என்று கேஷை அணைத்துவிட்டு மறுபடி படித்துப் பார்ப்பது இதற்காகத்தான். அணைத்ததும் எண் நிலைத்துவிட்டால் டிரைவ் குற்றமற்றது.

இதே எளிமையிலிருந்து இன்னொரு லாபமும் உண்டு. லினக்ஸ் 4.11 பதிப்பிலிருந்து என்விஎம்இ டிரைவ்கள் சும்மா இருக்கும்போது தாமாகவே குறைந்த மின்நிலைக்கு இறங்க அனுமதிக்கப்படுகின்றன. சில டிரைவ்கள் அப்படி ஆழமாகத் தூங்கிவிட்டு எழாமல் போகும். கர்னல் கன்ட்ரோலர் செத்துவிட்டதாக அறிவிக்கும். பூட்லோடர் இந்த மின்சேமிப்பு எதையும் இயக்குவதில்லை. ஆகவே ப்ராம்ப்டில் எத்தனை முறை படித்தாலும் பிசகாத டிரைவ், லினக்ஸில் சும்மா இருந்த சிறிது நேரத்தில் காணாமல் போனால், கர்னல் அளவுருவில் தூக்கத் தாமத வரம்பை 0 ஆக்கிப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. டிரைவை மாற்றுவது அதற்குப் பிறகு.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு: ப்ராம்ப்டில் சரியாகப் படித்தது என்பதற்காக வன்பொருள் நலம் என்று முடிவுகட்ட முடியுமா? முடியாது. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை என்ற கணக்கில் ஓடும் டிரைவ் சூடாகாது, உச்ச மின்னோட்டத்தையும் இழுக்காது. பலவீனமான அடாப்டரில் ஓடும் போர்டு ப்ராம்ப்டில் நாள் முழுக்க நன்றாகவே நடந்துகொண்டு, லினக்ஸில் நான்கு கோர்களும் சேர்ந்து டிரைவைக் குடையும்போது விழும். ப்ராம்ப்ட் சோதனையில் தோற்றால் அந்தத் தோல்வியை நம்பலாம். வென்றால் அந்த வெற்றிக்கு எல்லை உண்டு. சோதனைகள் பலவற்றின் இயல்பே அதுதான். எந்தப் பக்கம் நம்பத்தக்கது என்று தெரிந்திருந்தால் போதும்.

இனி எழுதும் பக்கம். யு-பூட் வரியில் தட்டும் எண்களை அது பதினாறடிமானமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அச்சிடும் பதிலில் பத்தடிமானம் வரும். 100 பிளாக் படி என்றால் 256 பிளாக் படித்தேன் என்று சொல்லும். ராக்சிப் போர்டுகளில் எஸ்டி கார்டின் 64-ஆவது செக்டரில் முதல்நிலை பூட்லோடரை வைக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. ப்ராம்ப்டில் அதை 40 என்று தட்ட வேண்டும். 64 என்று தட்டினால் 100-ஆவது செக்டரில் போய் உட்காரும். இதோடு பிளாக்கின் அளவும் சேர்கிறது. பெரும்பாலான டிரைவ்கள் 512 பைட் பிளாக்குகளோடு வருகின்றன, சிலவற்றை 4096 பைட்டுக்கு மாற்றியிருப்பார்கள். அதே 100, முதல் டிரைவில் 128 கேபி, இரண்டாவதில் 1 எம்பி. படிக்கும்போது இந்தத் தவறு நடந்தால் நினைவகத்தில் குப்பை விழும், மோசமென்றால் போர்டு உறைந்து நிற்கும், ரீசெட் கொடுத்தால் போயிற்று. எழுதும்போது நடந்தால் திரும்பப் பெற வழியில்லை. 0-ஆவது பிளாக்கிலிருந்து எழுதிய சில கேபி, ஜிபிடி தலைப்பையும் பார்ட்டிஷன் பதிவுகளையும் அழித்துவிடும். டிரைவின் கடைசியில் நகல் ஒன்று இருக்கும் என்பது ஆறுதல்தான், அதை மீட்கப் பெரும்பாலும் வேறொரு கணினி வேண்டும். 'நிச்சயமா?' என்று யு-பூட் கேட்காது.

கவனமாகத் தட்டினால் போகிறது என்று சொல்பவர்களுக்கு இன்னும் ஒரு பதில் இருக்கிறது. தட்டியது எல்லாம் சரியாகவே இருக்கட்டும். 'எழுதியாயிற்று, ஓகே' என்ற பதிலின் பொருள், டிரைவ் தரவைப் பெற்றுக்கொண்டது என்பதுதான். தரவு ஃப்ளாஷுக்குள் போய்ச் சேர்ந்ததா, டிரைவின் தற்காலிக கேஷில் நிற்கிறதா என்பதை அந்த ஓகே சொல்லாது. என்விஎம்இயில் அந்த கேஷைக் காலி செய்ய ஃப்ளஷ் என்று தனிக் கட்டளை உண்டு. மின்சாரம் போகப் போகிறது என்று கன்ட்ரோலருக்கு முன்கூட்டிச் சொல்லி, அது தயார் என்று பதில் தரும்வரை காத்திருக்கும் ஒழுங்கும் உண்டு. லினக்ஸ் அணையும்போது இதைச் செய்கிறது. ப்ராம்ப்டில் உட்கார்ந்திருப்பவர் எழுதி முடித்ததும் ப்ளக்கைப் பிடுங்குகிறார். தரவு மையங்களுக்கான டிரைவ்களில் இதைத் தாங்க மின்தேக்கிகள் இருக்கும், கடையில் வாங்கும் சாதாரண எம்.2 டிரைவ்களில் பெரும்பாலும் இருக்காது. ஹார்ட் டிஸ்கிலும் கேஷ் இருந்தது, உண்மை. ஆனால் எஸ்எஸ்டியில் பிளாக் எண்ணுக்கும் ஃப்ளாஷில் அதன் இடத்துக்கும் நிலையான தொடர்பே கிடையாது, எந்தப் பிளாக் எங்கே என்ற வரைபடமே டிரைவுக்குள் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் தரவு. அதே காரணத்தால், டிரைவை விற்பதற்கு முன் ப்ராம்ப்டிலிருந்து பூஜ்ஜியங்களை எழுதிவிட்டால் பழைய தரவு அழிந்தது என்று எண்ணுவதும் தவறு. பழைய ஃப்ளாஷ் பக்கங்கள் வேறிடத்தில் அப்படியே இருக்கலாம். முறையாகத் துடைக்க என்விஎம்இ 1.3 பதிப்பில் சானிடைஸ் கட்டளை வந்தது. யு-பூட்டின் என்விஎம்இ கட்டளைகளில் அது இல்லை, லினக்ஸ் கருவிகளில் இருக்கிறது.

கோப்பு நிலையில் எழுதுவதும் இதைவிடப் பெரிய பாதுகாப்பு அல்ல. புழக்கத்தில் உள்ள பல யு-பூட் பதிப்புகள், மெட்டாடேட்டா செக்சம் உள்ள எக்ஸ்ட்4-ஐக் கண்டால் எழுத மறுத்துவிடும். மறுப்பதே நல்லது. படிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படிக்கும்போது அவை ஜர்னலை மறுபடி ஓட்டிச் சரிசெய்வதில்லை. கர்னலைப் புதுப்பித்த கையோடு மின்சாரம் போனால், லினக்ஸில் மவுன்ட் செய்து பார்த்தால் சரியாக இருக்கும் கோப்பு, ப்ராம்ப்டில் காலியாகவோ காணாமலோ இருக்கும். பூட் கோப்புகளைச் சிறிய தனிப் பார்ட்டிஷனில் வைத்து, புதுப்பிப்பு முடிந்ததும் சிங்க் செய்துவிடுவது இதற்குப் போதுமான வைத்தியம்.

தொழிற்சாலையில் என்ன செய்வது என்பதுதான் இருப்பதிலேயே வலுவான மறுப்பு. வெற்று எஸ்எஸ்டியோடு வரும் நூற்றுக்கணக்கான போர்டுகளில் படிமத்தை ஏற்ற வேண்டும், எல்லாவற்றிலும் லினக்ஸைக் கிளப்பிக்கொண்டிருக்க நேரம் எங்கே, நெட்வொர்க்கிலிருந்து டிஎஃப்டிபி வழியாக நினைவகத்துக்கு இறக்கி 'என்விஎம்இ ரைட்' கொடுத்தால் ஆயிற்று என்பார்கள். அங்கே கை தட்டுவதில்லை, ஸ்கிரிப்ட் தட்டுகிறது. எண் பிசகும் ஆபத்து ஒரு முறை சரிபார்த்தால் தீர்ந்தது. திரும்பப் படித்துச் சிஆர்சி ஒப்பிடும் வரியையும் சேர்த்தால் நானும் ஏற்றுக்கொள்வேன், அந்த ஒப்பீடு கேஷிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம் என்ற குறிப்போடு. ஆனால் படிமம் நினைவகத்தைவிடப் பெரிதானால் துண்டு துண்டாக வெட்டி எழுத வேண்டும், அதைவிட நல்ல வழி யு-பூட்டிலேயே இருக்கிறது. யுஎஸ்பி கேஜெட் வசதி உள்ள போர்டில் 'யுஎம்எஸ் 0 என்விஎம்இ 0' என்று தட்டினால், போர்டு ஒரு பென்டிரைவைப்போல எதிரே உள்ள கணினியில் தோன்றும். பார்ட்டிஷன் பிரிப்பதும் படிமம் எழுதுவதும் அங்கே முழு இயங்குதளத்தின் கையில். பூட்லோடர் நடுவில் பிளாக்குகளைக் கடத்தும் வேலையை மட்டும் பார்க்கும். மின்சாரத்தைப் பிடுங்கும் முன் சற்றுப் பொறுப்பது மட்டும் இங்கும் நம் பொறுப்பு.

யு-பூட் முழு வேகத்தில் படிப்பதில்லையே என்ற புலம்பலும் அடிக்கடி வரும். விஷன்ஃபைவ் 2-இன் எம்.2 ஸ்லாட் ஒற்றை லேன், இரண்டாம் தலைமுறை. 5 ஜிகாட்ரான்ஸ்ஃபரில் குறியீட்டுச் செலவு போக நொடிக்கு 500 எம்பிதான் அதன் கோட்பாட்டு உச்சம். கர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் சேர்ந்து 90 எம்பி என்று வைத்தால், யு-பூட் 200 எம்பி வேகத்தில் படித்தாலும் அரை நொடிக்குள் முடிந்துவிடும். அதே கோப்புகளை ஹை ஸ்பீட் நிலையில் 25 எம்பி உச்சம் உள்ள எஸ்டி கார்டிலிருந்து எடுக்க நான்கு நொடிக்குக் கிட்டப் பிடிக்கும். அரை நொடியைக் கால் நொடியாக்க டிரைவரில் வரிசைகளைக் கூட்டினால், மேலே சொன்ன பரிசோதனை எளிமை போய்விடும்.

கடைசியாக, பூட்டுப் போடுவது. ப்ராம்ப்டில் உட்கார முடிந்தவருக்குக் கர்னல் அளவுருவை மாற்றி நேரே ரூட் ஷெல்லில் இறங்க முடியும். அதனால் பொருளைச் சந்தைக்கு அனுப்பும்போது 'பூட்டிலே' (பூட் தாமதம்) மதிப்பை மைனஸ் 2 ஆக்கி ப்ராம்ப்டையே எடுத்துவிடுவது வழக்கம். எஸ்எஸ்டி வைத்த பொருளில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வதை நான் ஏற்பதில்லை. எம்.2 டிரைவ் ஒரு திருகாணியில் நிற்கிறது. கழற்றிக்கொண்டு போய் வேறு கணினியில் செருகுபவரை ப்ராம்ப்ட் பூட்டு தடுக்காது. தரவைக் காப்பது குறியாக்கம், கர்னல் மாற்றப்படுவதைத் தடுப்பது கையொப்பச் சரிபார்ப்பு, ப்ராம்ப்ட் பூட்டு இவற்றுக்குத் துணையாக மட்டுமே நிற்கும். யு-பூட்டில் கடவுச்சொல்லின் ஹாஷை வைத்து, அதைத் தட்டினால் மட்டும் நிற்கும்படி அமைக்க வழி இருக்கிறது. அப்படி வைத்தால் திருட வருபவருக்கு வாசல் அடைபடும். மூன்று ஆண்டுகள் கழித்துக் களத்தில் ஒரு போர்டு எழாமல் போகும்போது, பழுதுபார்க்கப் போகிறவருக்கு 'பிசிஐ எனும்' தட்டிப் பார்க்க இடம் இருக்கும். மைனஸ் 2 வைத்திருந்தால், எஸ்பிஐ ஃப்ளாஷில் கிளிப்பை மாட்டி வேறொரு யு-பூட்டை எழுதிய பிறகுதான் அவரால் முதல் கேள்வியையே கேட்க முடியும்.